யோனாஸ் மேகாஸ்: பாதிப்பேர் எழுந்து போன அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

செக்காலை வளவு | திங்கள், இரவு 9.15

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வளவில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு படம் போட்டேன். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் மூன்று பேர் முகப்புக்குப் போய்விட்டார்கள், அரை மணி நேரத்தில் இன்னும் ஆறு பேர். கடைசிவரை உட்கார்ந்திருந்தது ஐந்து பேர், அதில் ஒருவர் எங்கள் அப்பத்தா. படம், யோனாஸ் மேகாஸ் 1972-ல் முடித்த லிதுவேனியப் பயண நினைவுகள். ஜோனாஸ் என்றும் எழுதுகிறார்கள், அவர் ஊரில் யோனாஸ்தான். மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர், "அது என்னப்பா, கல்யாண வீடியோவை விட மோசமா ஆடுது, அதைப் போய்ப் பெரிய படம்னு கூப்பிட்டியே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நின்றபடி சொல்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1922 டிசம்பர் 24-ல் லிதுவேனியாவின் வடக்கே செமனிஷ்கேய் என்ற சின்ன விவசாய கிராமத்தில் பிறந்தவர். கவிஞர், கடைசிவரை கவிதையை லிதுவேனிய மொழியில்தான் எழுதினார். 1944-ல் தம்பி அடோல்ஃபாஸோடு, வியன்னாவுக்குப் படிக்கப் போவதாகக் காகிதம் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அந்த ரயில் வியன்னா போய்ச் சேரவில்லை. ஜெர்மானியர்கள் வழியிலேயே பிடித்து ஹம்பர்க் பக்கத்தில் எல்ம்ஷார்ன் என்ற ஊரில் கட்டாய வேலை முகாமில் போட்டுவிட்டார்கள். போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்ப வழியில்லை, அங்கே சோவியத் ஆட்சி. வீஸ்பாடன், காஸல் என்று அகதி முகாம்களில் சில வருஷம், நடுவில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவப் படிப்பு. 1949 அக்டோபர் கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார்கள். சிக்காகோவில் ஒரு பேக்கரியில் வேலை ஏற்பாடாகியிருந்தது. நியூயார்க்கைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே கடன் வாங்கி ஒரு 16 எம்.எம். போலெக்ஸ் கேமரா வாங்கினார்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அவர் 1949-லிருந்து எடுக்கிறார். புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் பகுதி, அங்கே ஒண்டியிருந்த லிதுவேனியக் குடும்பங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், பிக்னிக், குளிர்காலத் தெரு. அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டி 'லாஸ்ட் லாஸ்ட் லாஸ்ட்' என்று முழுப்படமாக வெளியே விட்டது 1976-ல். 27 வருஷம் பெட்டியில் கிடந்திருக்கிறது! முதல் பெரிய டைரிப் படமான 'வால்டன்' வந்ததே 1969-ல்தான். ஊரை விட்டுப் போனவன் எடுக்கிற படத்துக்கு எடுத்த அன்றைக்கு ஒரு மதிப்பும் இல்லை, அவனுக்கே அது என்னவென்று தெரியாது. பல வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்து உட்காரும்போதுதான் அது படமாகிறது. மேகாஸின் தொழில் முழுவதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அப்பத்தா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். 1971-ல் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் கழித்து மேகாஸ் ஊருக்குப் போகிறார், அவர் அம்மா வெளியே அடுப்பு மூட்டி உருளைக்கிழங்கு அடை சுடுகிறார், இவர் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார். அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி: "வந்த பிள்ளை சாப்பிட்டானா இல்லையா? எடுத்துக்கிட்டே இருக்கானே."

---

வடபழனிவாசி (ஊர் புதுவயல்) | திங்கள், இரவு 10.02

நான் அன்றைக்கு வந்திருந்தேன் அண்ணே, பாதியில் எழுந்து போன ஒன்பது பேரில் ஒருவன். மறைக்க ஒன்றுமில்லை. நான்கு வருஷமாக உதவி இயக்குநராக இருக்கிறேன், ஒரு ஷாட் எதற்கு வருகிறது என்று கேட்டே பழகிவிட்டது. இதில் ஒரு ஷாட்டும் ஒரு விநாடிக்கு மேல் நிற்கவில்லை, முகத்தைப் பார்ப்பதற்குள் மரத்துக்குப் போய்விடுகிறது, வெளிச்சம் ஒரு நேரம் வெளுக்கிறது, ஒரு நேரம் இருட்டுகிறது. இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? தெரியாமல் செய்ததை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? ஒழுங்காக ஒரு கதைப்படம் எடுக்கத் தெரிந்தவரா அவர்? இது எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும், சண்டைக்குக் கேட்கவில்லை.

---

ரீல்பெட்டி | செவ்வாய், காலை 6.40

தம்பி, நான் தேவகோட்டையிலும் அப்புறம் காரைக்குடியிலும் முப்பத்தோரு வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கலையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

போலெக்ஸ் என்பது ஸ்விட்சர்லாந்து கேமரா, பேட்டரி வேண்டாம், சாவி கொடுத்து ஓட்டுவது. பழைய சுவர்க் கடிகாரம் மாதிரி உள்ளே ஸ்பிரிங். முழுசாகச் சுற்றினால் விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற வேகத்தில் அரை நிமிஷம்கூட ஓடாது, நின்றுவிடும், மறுபடி சுற்ற வேண்டும். உள்ளே போடுகிற சுருள் 100 அடி, அதாவது 4,000 சட்டகம். ஓடவிட்டால் இரண்டே முக்கால் நிமிஷத்தில் தீர்ந்துபோகும். பிலிம் விலை, கழுவுகிற கூலி இரண்டும் சேர்ந்தால் கூலிக்காரனுக்கு அந்த இரண்டே முக்கால் நிமிஷம் பெரிய காசு. ஆனால் இந்தக் கேமராவில் ஒவ்வொரு சட்டகமாக அமுக்கியும் எடுக்கலாம், வேகத்தையும் மாற்றலாம். வேகத்தை மாற்றினால் வெளிச்சம் விழுகிற நேரமும் மாறும், அதனால்தான் நீ பார்த்த அந்த வெளுப்பும் இருட்டும். விட்டுவிட்டு நாலு சட்டகம், பத்து சட்டகம் என்று எடுத்தால் ஒரு சுருளில் ஒரு முழு நாளையே அடக்கிவிடலாம். வேலைக்குப் போகிற ஆள், கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எடுக்கிறார் என்றால் இப்படித்தான் எடுக்க முடியும்.

நான் அன்றைக்குக் கடைசிவரை இருந்தேன். கேமரா ஆடுகிறதே தவிர, பூ வரும் இடத்தில் பூ துல்லியமாக நிற்கிறது. ஃபோகஸ் தப்பவில்லை. கை தெரியாதவன் எடுத்தது அப்படி இருக்காது.

---

செக்காலை வளவு | செவ்வாய், காலை 7.30

நன்றி ஐயா, இதை என்னால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

வடபழனி தம்பிக்கு: கதைப்படம் எடுத்தார். 1961-ல் 'கன்ஸ் ஆஃப் தி ட்ரீஸ்'. அது அவருக்கே பெரிய திருப்தி தந்த மாதிரி தெரியவில்லை, அந்தப் பாதையில் அவர் தொடரவில்லை. அப்புறம் 1964-ல் 'தி பிரிக்'. கதை கேட்டால் உனக்குப் பிடிக்கும். கடற்படைச் சிறைக்கூடம் ஒன்றைப் பற்றி லிவிங் தியேட்டர் என்ற குழு போட்ட நாடகம், வரி பாக்கிக்காக அரசாங்கம் அந்தத் தியேட்டரைப் பூட்டிவிட்டது. மேகாஸும் நடிகர்களும் ராத்திரியில் நிலக்கரி கொட்டுகிற வழியாக உள்ளே இறங்கி, பூட்டிய கட்டடத்துக்குள் முழு நாடகத்தையும் நடத்தி, மேகாஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடிகர்களுக்கு நடுவிலேயே நடந்து எடுத்தார். அது வெனிஸ் விழாவில் ஆவணப்பட விருது வாங்கியது. நாடகத்தை எடுத்த படம் ஆவணப்பட விருது வாங்குகிறது என்றால் எவ்வளவு நிஜமாக இருந்திருக்கும் பார். அதே வருஷம் ஆன்டி வார்ஹால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ராத்திரி முழுக்க அசையாமல் எடுத்தாரே, எட்டு மணி நேரப் படம், அதற்குக் கேமரா பார்த்தவர்களில் மேகாஸும் ஒருவர். அசையாத ஷாட்டும் அவருக்குத் தெரியும்.

---

வடபழனிவாசி (ஊர் புதுவயல்) | செவ்வாய், மதியம் 1.20

சரி, தொழில் தெரியாதவர் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். 'அண்டர்கிரவுண்ட்' என்கிறார்களே, அது என்ன? தணிக்கை இல்லாமல் ஒளித்து ஓட்டுவதா? பிழைப்புக்கு என்ன செய்தார்? வடபழனியில் அறை வாடகை தருகிற எவனுக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

---

செக்காலை வளவு | செவ்வாய், இரவு 9.50

பிழைப்புக்கு ஆரம்பத்தில் தொழிற்சாலைக் கூலி வேலைகள், பிறகு ஒரு வணிகப் புகைப்பட நிலையத்தில் வேலை. ராத்திரியும் ஞாயிறும் சினிமா. 1950களின் நடுவில் தம்பியோடு சேர்ந்து 'ஃபிலிம் கல்ச்சர்' என்ற பத்திரிகை தொடங்கினார், கையில் அச்சுக்கூலி கொடுக்கக் காசில்லாத நிலையில். 1958 நவம்பரிலிருந்து 'வில்லேஜ் வாய்ஸ்' வாரப் பத்திரிகையில் 'மூவி ஜர்னல்' என்ற பத்தி. வேறு யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள் என்கிற படங்களைப் பற்றி வாராவாரம் எழுதினார். நியூயார்க்குக்கு வந்து ஒன்பது வருஷம்தான், ஆங்கிலமும் முப்பதை நெருங்கும் வயதில் வந்து பழகிக்கொண்ட மொழி.

அண்டர்கிரவுண்ட் என்றால் அன்றைக்கு அர்த்தம் இதுதான்: தியேட்டர்காரர் எடுக்க மாட்டார், விநியோகஸ்தர் தொட மாட்டார், நியூயார்க்கில் காட்டுவதற்கு அரசு உரிமம் வேண்டும், அதுவும் கிடைக்காது. ஆக, மாடி அறை, வாடகைக்கு எடுத்த நாடகக் கொட்டகை என்று போட்டார்கள். 1964 மார்ச்சில் ஜாக் ஸ்மித் என்பவரின் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' படத்தைக் காட்டியதற்காகப் போலீஸ் வந்து பிடித்தது. ஆபாசம் என்று வழக்கு. தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். அந்த வழக்கு முடிவதற்குள் இன்னொரு படத்துக்காக மறுபடி கைது. இரண்டுமே அவர் எடுத்த படங்கள் இல்லை! வந்தேறி, பின்னால் நிற்க ஆள் இல்லை, அடுத்தவன் படத்துக்காகப் போய் நிற்கிறார். இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அவர் மேல் மரியாதை பல மடங்கானது.

அதற்கு முன்பே 1962-ல் ஃபிலிம் மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ் என்ற கூட்டுறவைத் தொடங்கிவிட்டார்கள். அதன் விதி எனக்கு மிகவும் பிடித்தது. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் படத்தை வாங்கி வைப்போம், நல்லது கெட்டது என்று தேர்வு செய்ய மாட்டோம். வாடகையில் பெரும்பங்கு படம் எடுத்தவனுக்கே. அந்தக் கூட்டுறவு இன்றைக்கும் நடக்கிறது.

---

கோட்டையூரான் | புதன், காலை 8.05

இந்த இழையை நேற்று ராத்திரி படித்ததிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மனதில் வந்துகொண்டே இருக்கிறார். ஏ.கே. செட்டியார், 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில் வரும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். கையில் கம்பெனி இல்லை, முதல் இல்லை, வயது 26-ஐ நெருங்குகிறது. உலகம் முழுக்க லட்சம் மைல் அலைந்து, முப்பது வருஷங்களில் பலபேர் எடுத்துப் போட்டிருந்த துண்டுகளைத் தேடித் தேடி 50,000 அடி சேர்த்தார், அதிலிருந்து 12,000 அடியில் 1940-ல் படத்தை வெளியிட்டார். தமிழ் விளக்கத்தோடு.

நான் இரண்டு பேரையும் ஒன்றாக்கவில்லை. மேகாஸ் தன் வீட்டையும் நண்பர்களையும் எடுத்தார், ஏ.கே. செட்டியார் எங்கேயும் தன்னை முன்னால் நிறுத்தவே மாட்டார், பயணக் கட்டுரையில்கூட அவர் குரல் ஒதுங்கித்தான் நிற்கும். ஆனால் அடுத்தவன் பெட்டியில் கிடந்த பிலிமைத் தேடிப் போன அந்தப் பிடிவாதம் இருவருக்கும் ஒன்றுதான். வருத்தம் என்னவென்றால், அந்தத் தமிழ்ப் படம் இன்றைக்கு நம்மால் போட்டுப் பார்க்கிற நிலையில் இல்லை. ஆங்கிலத்தில் சுருக்கி எடுத்த வடிவம் ஒன்றுதான் வெகுகாலம் கழித்து அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. காந்தியைப் பற்றிய படத்துக்கே அந்தக் கதி என்றால் சாதாரணக் குடும்பத்துச் சுருளுக்கு என்ன கதி?

தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.எம். ஸ்டூடியோ இருந்ததும் 'நாம் இருவர்' அங்கே எடுத்ததும் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நல்ல பெருமைதான். ஏ.கே. செட்டியார் பெயரைச் சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

---

பினாங்குப் பேத்தி | புதன், இரவு 11.10

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. "சாதாரணக் குடும்பத்துச் சுருள்" என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆயா வீடு பள்ளத்தூரில். ஐயா, அம்மாவின் அப்பச்சி, பினாங்கில் கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்குப் போனவர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஆறு மாதம் இருப்பார், மறுபடி கப்பல். 1960களின் கடைசியில் சூப்பர் 8 என்ற சின்ன பிலிம் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறார், யாருக்கும் அதைப் பற்றி அதிகம் தெரியாது. ஆயா போன பிறகு ரெண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது பிஸ்கட் தகரத்தில் பதினோரு சுருள் கிடைத்தது, மஞ்சள் நிற கோடாக் டப்பிகளில். ஆறு வருஷமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வீடியோ கடையில் கேட்டேன், சுவரில் ஓட்டி மொபைலில் எடுத்துத் தருகிறேன் என்றார்கள், மனசு வரவில்லை, திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பெரிய மாமா, "கோயிலும் கடற்கரையும்தான் இருக்கும், எதற்கு வைத்திருக்கிறாய்" என்கிறார். 27 வருஷம் பெட்டியில் கிடந்தது என்று படித்ததும் அந்தத் தகரத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என்ன செய்வது?

---

ரீல்பெட்டி | வியாழன், காலை 5.55

ஆச்சி, கடையில் கொடுக்காமல் எடுத்து வந்தீர்களே, ரொம்ப நல்ல காரியம். பழைய பிலிம் காய்ந்து சுருங்கியிருக்கும். பழைய புரொஜெக்டரில் மாட்டினால் ஓட்டைகள் பல்லில் சரியாக உட்காராமல் கிழியும், ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது: தகரத்தைத் திறந்ததும் மோந்து பாருங்கள். புளித்த காடி வாசனை அடித்தால் அந்தச் சுருள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த அமிலத்தை விடும், பக்கத்தில் இருக்கிற நல்ல சுருளையும் அது கெடுக்கும். அதனால் வாசனை அடிக்கிறதை உடனே தனியாக எடுத்து வையுங்கள். இறுக்கி மூடிய தகரம் வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டாம், பாச்சா உருண்டை கிட்டேயே போகக் கூடாது. பரண் கூடவே கூடாது, சித்திரையில் நம் ஊர்ப் பரண் அடுப்பு மாதிரி. கனமான சுவர் இருக்கிற உள்ளறையில் அட்டைப் பெட்டியில் படுக்கவையுங்கள். ரெண்டாங்கட்டில் இருந்ததால்தான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

டப்பியில் கோடாக்ரோம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது என்றால் வர்ணம் இன்னும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம், நான் ஓட்டிய எத்தனையோ பெரிய படங்களின் பிரிண்ட் சிவந்து வெளிறியிருக்க, அந்தச் சின்னச் சுருள் புதுசு மாதிரி இருக்கும். ஒரு சுருள் 50 அடி, 3 நிமிஷம் 20 விநாடி. பதினொன்றும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பத்தேழு நிமிஷம். சட்டகம் சட்டகமாக ஸ்கேன் செய்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும், சுவரில் ஓட்டி எடுப்பது வேண்டாம்.

---

மதகுபட்டி | வியாழன், மதியம் 3.30

எல்லோரும் மேகாஸைப் புகழ்கிறீர்கள், ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். 2018-ல் நியூயார்க்கில் வருகிற ஒரு புத்தக விமர்சனப் பத்திரிகையில் வரலாற்று ஆய்வாளர் ஒருவர் எழுதினார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிர்ஷாய் என்ற பக்கத்து ஊரில் வந்த பத்திரிகையில் மேகாஸ் வேலை பார்த்தார், அதே பத்திரிகையில் யூத வெறுப்பைத் தூண்டுகிற எழுத்துகளும் வந்தன. அந்த பிர்ஷாயில் 1941 ஆகஸ்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. மேகாஸ் எழுதியவை இலக்கியப் பக்கங்கள்தான், வெறுப்புப் பேச்சு அவர் எழுதவில்லை என்று அந்த ஆய்வாளரே சொல்கிறார். ஆனால் அத்தனை படங்களில், அத்தனை டைரிகளில், தொலைந்த கிராமத்தைப் பற்றி அவ்வளவு ஏங்குகிறவர், பக்கத்து ஊரில் ஒரே நாளில் காணாமல் போன அந்த மக்களைப் பற்றி ஏன் அவ்வளவு குறைவாகப் பேசினார்? எனக்கு இது உறுத்துகிறது.

---

செக்காலை வளவு | வியாழன், இரவு 10.25

உறுத்த வேண்டியதுதான். நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டது என் தவறு. நாஜிகளுக்கு எதிரான ரகசியச் செய்தித்தாளுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தேன், விறகுக் குவியலில் ஒளித்துவைத்த தட்டச்சுப்பொறி திருடுபோனது, அதனால்தான் ஊரை விட்டு ஓடினேன் என்பது மேகாஸ் சொன்ன கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இனி அவர் படத்தைப் பார்க்க முடியும். அந்தக் கட்டுரை வந்தபோது அவருக்கு 95 வயது, பதில் சொன்னார், சர்ச்சை தீரவில்லை, அடுத்த வருஷம் ஜனவரி 23-ல் காலமானார்.

லிதுவேனியப் படத்தை இந்த வாரம் மறுபடி பார்த்தேன். அழகு குறையவில்லை. ஆனால் வயலைக் காட்டும்போது அந்த வயலுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கண் தேடுகிறது.

---

கோட்டையூரான் | வெள்ளி, காலை 7.45

மதகுபட்டி கேட்டது நமக்கும் பொருந்தும். பர்மா ஆல்பங்கள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. ஆற்றங்கரை, குதிரை வண்டி, வேல் வைத்த கோயில், வெள்ளை வேட்டியில் வரிசையாக நிற்கிறவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாமல் பர்மிய விவசாயிகள் விட்ட நிலம் நம் செட்டியார்கள் கைக்கு வந்தது, கீழ்ப் பர்மா நெல் வயலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்த விவசாயிகள் ஒருவர்கூட எங்கள் ஆல்பத்தில் இல்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து நம்மவர்கள் காட்டு வழியாக நடந்து வந்த கதையை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

பினாங்கு ஆச்சிக்கு: சுருளில் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதும்போது ஓரத்தில் நிற்கிறவர்களையும் கேட்டு எழுதுங்கள். சமையல்காரர், வண்டிக்காரர், தோட்டத்துப் பெண்கள். தெரிந்த பெரியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேராவது பள்ளத்தூரில் இருப்பார்கள்.

---

வடபழனிவாசி (ஊர் புதுவயல்) | வெள்ளி, மதியம் 2.10

நேற்று ராத்திரி அந்தப் படத்தைக் கணினியில் தனியாகப் பார்த்தேன், முழுசாக. அப்பத்தா கேட்ட கேள்விதான் எனக்கும். அம்மா அடை சுடுகிறார், இவர் கேமராவுக்குப் பின்னால். இத்தனை வருஷம் கழித்து வந்தவர் அந்தக் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரக் கூடாதா? எடுப்பதே விலகி நிற்க ஒரு சாக்கு இல்லையா? போன வருஷம் என் தங்கை கல்யாணத்தில் நானும் முழுக்கக் கேமராவோடுதான் நின்றேன். தாலி கட்டியதை நான் பார்த்தது வியூஃபைண்டரில். அதனால்தான் கேட்கிறேன்.

---

செக்காலை வளவு | வெள்ளி, இரவு 8.40

நான் நினைப்பதைச் சொல்கிறேன். அவர் விலகித்தான் நின்றார். அது அவருக்குத் தெரியும், படத்தில் அவர் குரல் திரும்பத் திரும்பத் தடுமாறுவது அங்கேதான். ஆனால் அகதியாகி வந்தவன் எங்கே போனாலும் விலகித்தான் நிற்பான், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும். தன்னை ஃபிலிம் மேக்கர் என்று சொல்லாதீர்கள், ஃபில்மர் என்று சொல்லுங்கள் என்பார், படம் பிடிக்கிறவன், அவ்வளவுதான். 2000-ல் முடித்த படம் நாலே முக்கால் மணி நேரம், முழுக்க மனைவி, குழந்தைகள், ஜன்னல் வெயில், பூனை. 2007-ல் 84 வயதில் வருஷம் முழுக்க நாளுக்கு ஒன்றாக இணையத்தில் படம் போட்டார்.

இன்னொன்று, அவர் சொந்தப் படம் தாமதமானதற்குப் பெரிய காரணம் மற்றவர்கள் படத்துக்கு ஓடியது. 1970-ல் நண்பர்களோடு நியூயார்க்கில் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் தொடங்கினார். பின்னால் ஒரு பழைய நீதிமன்றக் கட்டடத்தை 1979-ல் வாங்கிச் சீர்செய்து திறக்க 1988 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் பணம் திரட்டுவதிலேயே போயிருக்கிறது. இதைப் படிக்கும்போது கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வீடு ஞாபகம் வந்தது. போர்டு எழுதிப் பிழைத்தவர், சம்பாதித்ததை எல்லாம் பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வாங்கி வீட்டை நிறைத்தார், லட்சம் உருப்படி வரை. அவர் இறந்த பிறகு 1994-ல் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்றைக்கு அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். சினிமாப் பாட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? சிக்காகோ பேக்கரிக்குப் போக வேண்டியவர் நியூயார்க்கில் படம் சேர்த்தார், நம் ஊர்க்காரர் சேர்த்ததை சிக்காகோ வந்து வாங்கியது.

---

பினாங்குப் பேத்தி | சனி, இரவு 9.30

மோந்து பார்த்தேன். ஒரே ஒரு சுருளில் காடி வாசனை இருக்கிறது, தனியாக எடுத்துவிட்டேன். மற்ற பத்தும் பரவாயில்லை. கோடாக்ரோம் என்றுதான் போட்டிருக்கிறது.

பொறுமை இல்லாமல் ஒன்றை மட்டும் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு முழம் நீளம் மட்டும் பிரித்து, வெள்ளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வர்ணம் அப்படியே இருக்கிறது ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே. நம்மவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய பினாங்குக் கிட்டங்கி உள்பக்கம், சுவர் ஓரமாக வரிசையாகப் பெட்டிகள். நடுவில் பந்தி. எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் மட்டும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வரிசைக் கடைசியில் ஒன்பதாவது இலை. சோறு, கூட்டு எல்லாம் பரிமாறியிருக்கிறது, இலைக்கு முன்னால் ஆள் இல்லை.

---

செக்காலை வளவு | சனி, இரவு 9.52

ஆச்சி, இதை அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்தச் சிரிக்கிற ஆள் யாராயிருக்கும், நாளைக்கே பள்ளத்தூருக்குக் கூட்டிப் போ, பினாங்கில் இருந்த நாலு பேரை எனக்குத் தெரியும் என்கிறார்.

---

ரீல்பெட்டி | ஞாயிறு, காலை 5.30

பத்து மணிக்கு மேல் பள்ளத்தூருக்கு வாருங்கள், வெயில் ஏறி வெளிச்சம் நன்றாக இருக்கும். கையில் சுற்றிப் பார்க்கிற சின்ன வியூவர் ஒன்று என்னிடம் இருக்கிறது, பல்லைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுவருகிறேன். அதுவரை யாரும் மேலே பிரிக்க வேண்டாம்.